வீடு கட்டுகிறீர்களா? கடைசிப் பணம் உங்கள் கையில் இருக்கட்டும்

லயத்தில் குழாய் உடைந்தால் என்ன செய்வோம்? ஆபீசில் கிராணியிடம் சொல்வோம். விளக்கு எரியவில்லை என்றால்? அதற்கும் கிராணிதான். கூரைத் தகரம் பறந்தால் தோட்டத்துத் தச்சர் வருவார். இன்றைக்கு வராவிட்டால் நாலு நாள் கழித்தாவது வருவார். மூன்று தலைமுறையாக நாம் வீட்டில் குடியிருந்தோமே தவிர, வீட்டை நடத்தவில்லை. வெளிச்சமும் தண்ணீரும் எங்கிருந்து வருகின்றன, யார் கையொப்பம் போட்டால் வருகின்றன என்று அறிந்துகொள்ளும் தேவையே நமக்கு ஏற்படவில்லை.

ஆனால் லயத்து வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் திரும்பக் கேட்பார்கள். தோட்டம் கைமாறினாலும் கேட்பார்கள். ஆகவேதான் சேமநிதிப் பணம், பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் கொடுப்பது, வீட்டுக்காரியின் சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, பக்கத்துக் கம்பத்தில் ஒரு துண்டு நிலத்தில் சொந்தமாகக் கட்ட முனைகிறார்கள் பலர். மிக நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பணம் வாழ்க்கையில் ஒருமுறைதான் சேரும். கூரை ஏறிய பிறகு வேலை நின்று, ஜன்னலுக்குப் பலகை அடித்து, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து விளக்கெரிக்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் முட்டாள்களல்லர். புதிய வீட்டுக்குத் தாங்களேதான் கிராணி என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாமான் வீட்டுக்கும் சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேம்பாட்டாளரிடம் தாமான் வீடு வாங்குகிறவருக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தத்தின் வாசகம், பணம் கட்டும் கட்டங்கள் எல்லாம் அரசாங்கம் வகுத்தவை. சாவி கிடைத்த பிறகும் 24 மாதத்துக்குள் தென்படும் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். விலையில் 5 விழுக்காட்டை வழக்கறிஞர் பிடித்து வைத்திருந்து, பாதியை 8 மாதம் கழித்தும் மீதியை 24 மாதம் கழித்தும்தான் விடுவார். உங்கள் நிலத்தில் நீங்கள் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் தானாக வராது. நீங்களும் குத்தகையாளரும் தாளில் எழுதிக்கொண்டதுதான் உங்களுக்குச் சட்டம். எழுதாதது எழுதாததுதான்.

நிலமும் பிளேனும்

நிலத்தைப் பற்றி நீளமாகப் பேச இங்கே இடமில்லை. ஆனால் பேசாமல் போகவும் முடியாது. கிராண்டில் உங்கள் பெயர் இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் ஒரு சிறு கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். 'சாரியான்' என்று கேட்டால் தெரியும். விவசாய நிலம் என்றால், உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளத் தேசிய நிலச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கிராண்டின் நிபந்தனை என்ன சொல்கிறது, நிலத்தின் வகையை மாற்ற வேண்டுமா என்பதை வாயால் கேட்டதோடு விடாமல், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'லோட் லிடி' என்று சொல்லி, ஒரே கிராண்டில் இருபது முப்பது பேர் பெயரைச் சேர்த்து, கோடு கிழித்து விற்கிறார்களே, அந்த நிலத்தில் வீடு கட்டுமுன் பத்து முறை யோசியுங்கள். கோடு தரையில் இருக்கும், கிராண்டில் இருக்காது. பின்னாளில் மின்சார மீட்டருக்கு மனுப் போடும்போது "உங்கள் பங்கு எது?" என்ற கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆளிருக்காது.

அடுத்தது பிளேன். நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ, உங்கள் பகுதி எதன் கீழ் வருகிறதோ அதன் அங்கீகாரம் வேண்டும். பிளேனை ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், அல்லது ஆர்க்கிடெக்டுகள் வாரியத்தில் பதிவு பெற்ற பிளேன் வரைபவர் போட வேண்டும். சிறிய வீட்டுக்குப் பதிவு பெற்ற வரைபவரே போதும். இந்தச் செலவு வீண் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வீண் அல்ல. ஏனென்றால், பிளேனில் கையொப்பமிட்ட அதே ஆள்தான் வீடு முடிந்ததும் உங்களுக்குக் குடிபுகும் சான்றிதழ் தருகிறவர்.

முன்பு நகராண்மைக் கழகம் 'சி.எஃப்.' கொடுத்து வந்தது. 2007 ஏப்ரல் 12 முதல் தீபகற்ப மலேசியாவில் அந்த முறை மாறி, 'சி.சி.சி.' என்ற பணிநிறைவுச் சான்றிதழ் வந்தது. இதற்குப் பின்னால் ஜி1 முதல் ஜி21 வரை பாரங்கள் இருக்கின்றன. அஸ்திவாரம் போட்டவர், குழாய் வைத்தவர், வயரிங் செய்தவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் உரியவர் அவரவர் பாரத்தில் கையொப்பம் போட வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீரும் சரியாக இருக்கின்றன என்று அந்தந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டும். அதாவது, பெயர் தெரியாத ஆளை வைத்து மலிவாக வயரிங் முடித்தீர்கள் என்றால், கடைசியில் கையொப்பம் போட ஆளில்லாமல் முழு வீடும் நிற்கும். சி.சி.சி. இல்லாத வீட்டில் குடியேறுவது குற்றம். வங்கியும் அந்த வீட்டை நம்பிக் கடன் தரத் தயங்கும். சில உட்புறக் கம்பங்களில் நடைமுறை கொஞ்சம் மாறுபடும். மாவட்ட மன்றத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குத்தகையாளரைத் தேடும்போது

குத்தகையாளரைத் தேடும்போது நாம் செய்வது என்ன? கோவிலில் பார்த்தோம், நம்ம ஆள், மச்சான் வீட்டைக் கட்டியவர், நல்ல பேச்சு. இவை போதாது. நம்ம ஆள் என்பதால் அவருடைய சிமெந்து கூடுதலாக இறுகிவிடாது.

அவர் கட்டிய வீடுகளில் இரண்டைப் போய்ப் பாருங்கள். புதுவீடு வேண்டாம், இரண்டு மழைக்காலம் கண்ட வீடாக இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் "வேலை நல்லதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லது என்றுதான் சொல்வார். "சொன்ன மாதத்தில் முடித்தாரா? கூடுதல் பணம் எவ்வளவு கேட்டார்? லைட் மீட்டர் எப்போது வந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

குத்தகைத் தொழில் செய்கிறவர் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஜி1 முதல் ஜி7 வரை தரங்கள் உண்டு. ஜி1 மிகச் சிறிய வேலைக்குரியது. பதிவு எண்ணைக் கேளுங்கள், பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வாரியத்தில் விசாரியுங்கள். முக்கியமாக, பத்திரத்தில் உள்ள பெயரும் உங்களோடு பேசுகிற ஆளும் ஒன்றுதானா என்று பாருங்கள். லைசென்ஸ் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது என்ற 'அலி பாபா' வழக்கம் நாம் அறியாததல்ல. தகராறு வரும்போது பேசியவர் "நான் கம்பெனி இல்லை" என்பார். கம்பெனிக்காரர் "உங்களை நான் பார்த்ததே இல்லை" என்பார்.

மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே பிளேனைக் கொடுத்து, செங்கல், ஓடு, கதவு, வயரிங் பாயின்ட் எத்தனை என்பது வரை ஒரே பட்டியலைக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். மற்ற இருவரையும்விட ஒருவர் மிகக் குறைவாகச் சொன்னால் மகிழ்ச்சியடைய வேண்டாம். எதை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். பெரும்பாலும் விடப்பட்டிருப்பது செப்டிக் டேங்க், வடிகால், வாசல் தளம், மின்சார, தண்ணீர் இணைப்புக் கட்டணம். 'வயரிங் உட்பட' என்று எழுதியிருப்பார்; அது சுவருக்குள் போகும் ஒயர் மட்டும். ரோட்டுக் கம்பத்திலிருந்து வீடு வரை வரும் செலவு யாருடையது? எழுதச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் மலாயில் இருந்தால் படித்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையொப்பம். முத்திரையும் இட்டுக்கொள்ளுங்கள். அங்கீகரித்த பிளேன், பொருள் பட்டியல், முடிக்கும் தேதி, தாமதமானால் நாளுக்கு எவ்வளவு கழிவு, குறை பார்க்கும் காலம் எத்தனை மாதம் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றோடு, எல்லாவற்றையும்விட முக்கியமாக, பணம் எப்போது எவ்வளவு என்பது.

பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும்

இதை நிதானமாகப் படியுங்கள்.

குத்தகையாளர் பாதி வேலையில் ஏன் போய்விடுகிறார்? எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதனால் அல்ல. தொடக்கத்தில் பெரிய தொகை வாங்குகிறார். அதில் பாதியை முன்னே கட்டிய இன்னொருவர் வீட்டை முடிக்கச் செலவிட்டுவிடுகிறார். உங்கள் வீட்டுக் கூரை ஏறும்போது 120,000 வெள்ளியில் 105,000 வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள வேலைக்கு அவருக்கு 35,000 வெள்ளி செலவாகும். உங்களிடம் வரவேண்டியதோ 15,000தான். இனி உங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். புதிதாக இன்னொரு வீட்டுக்கு முன்பணம் வாங்குவதே லாபம். அவர் போகாமல் என்ன செய்வார்?

ஆகவே எந்த நேரத்திலும், மிச்சமிருக்கும் பணம் மிச்சமிருக்கும் வேலையைவிடக் கொஞ்சமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவரைத் தேடி நீங்கள் போக வேண்டியதில்லை, அவரே வருவார்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 120,000 வெள்ளி. வேலை தொடங்க 10 விழுக்காடு, அதாவது 12,000. அஸ்திவாரமும் தரை பீமும் முடிந்ததும் 18,000. தூணும் மேல் பீமும் எழுந்த பிறகு 24,000. கூரை போட்டு மழை உள்ளே விழாத நிலையில் 18,000. செங்கல் சுவர் எழுந்து, ஒயர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் வைத்துச் சோதித்து, பிளாஸ்டர் பூசியதும் 18,000. கதவு, ஜன்னல், தரை ஓடு, கழிவறை, விளக்கு முடிந்ததும் 18,000. மீட்டர் ஓடி, குழாயில் தண்ணீர் வந்து, சி.சி.சி. உங்கள் கைக்கு வந்த அன்று 6,000. கடைசி 6,000ஐ ஆறு மாதம் நீங்களே வைத்திருக்கிறீர்கள். "இப்படி யாரும் கட்டமாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவரை விட்டு அடுத்தவரிடம் போங்கள். தாமான் வீட்டுக்குச் சட்டமே செய்யும் ஏற்பாட்டைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகக் கம்பெனிக் கணக்குக்கு அனுப்புங்கள். அவருடைய மைத்துனர் கணக்குக்கு அல்ல. "இரும்பு விலை ஏறப் போகிறது, இன்றே வாங்கிவிடலாம், ஒரு பத்தாயிரம் கொடுங்கள்" என்பார். வேண்டுமானால் நீங்களே கடையில் பணம் கட்டி, இரும்பை உங்கள் நிலத்தில் இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

சேமநிதியிலிருந்து வீடு கட்டப் பணம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டுக்குரிய பணம் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வரும். முன்பு இரண்டாம் கணக்கு என்றோமே, அதன் இடத்தில் வந்தது. வாரியம் பத்திரங்களைப் பார்த்துத்தான் தரும். பணம் எப்போது வரும் என்று தெரியுமுன் குத்தகையாளருக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கும் ஒரு செக்ரோல்

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் எடுக்காமல் ஒரு நாள் உண்டா? உங்கள் வீட்டு வேலைக்கும் ஒரு செக்ரோல் வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் போதும். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மூட்டை சிமெந்து இறங்கியது, என்ன வேலை நடந்தது, மழையா வெயிலா என்று எழுதுங்கள். கைப்பேசியில் தினமும் இரண்டு படம் எடுங்கள். மூடப்போகும் இடத்தைக் கட்டாயம் படமெடுங்கள்: அஸ்திவாரக் கம்பி, சுவருக்குள் போகும் குழாய், தரைக்கடியில் போகும் கழிவுக் குழாய். பிறகு ஆணி அடிக்கும்போதும் அந்தப் படம் உதவும்.

இந்த வேலைக்கு வீட்டிலுள்ள பெண்களே மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆண்கள் போனால் குத்தகையாளரோடு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பழைய ரப்பர், செம்பனை நிலத்தில் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடிமரமும் வேரும் மண்ணுக்குள் விட்டுப்போனால் மக்கி, தரை இறங்கும். கறையானும் அங்கிருந்தே ஏறும். தளம் போடுமுன் வேர்களைத் தோண்டி எடுத்து, மண்ணை இறுக்கி, கறையான் மருந்து அடித்த பிறகே கான்கிரீட். வீட்டுத் தரையின் உயரமும் அப்போதே முடிவாக வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை நாம் மறக்க முடியாது. பக்கத்து வீட்டாரிடம் அவர்கள் கண்ட பெரிய வெள்ளத்தின் அளவைக் கேட்டுச் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் நம் மனமும் அலையும். "சமையலறையை ஐந்தடி நீட்டலாமா? முன்னால் ஒரு வளைவு வைக்கலாமா?" குத்தகையாளர் "செய்யலாமே" என்பார். விலையைச் சொல்லமாட்டார். கடைசியில் கூடுதல் வேலை என்று ஒரு பெரிய பில் வரும். எந்த மாற்றமானாலும் விலையை எழுதி இருவரும் கையொப்பமிட்ட பிறகே வேலை நடக்கட்டும். பிளேனை மீறினால் சி.சி.சி. வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெளிச்சம்

வீடு முடிந்த பிறகு மின்சாரத்துக்கு மனுப் போடலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நிலம் வாங்குமுன்பே விசாரிக்க வேண்டிய காரியம் அது. 1949ல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, பிறகு லெம்பாகா லெட்ரிக் நெகாரா ஆகி, 1990ல் தெனாகா நேஷனல் என்று மாறிய நிறுவனம்தான் தீபகற்பத்தில் நமக்கு மின்சாரம் தருகிறது. நம் பெரியவர்கள் இன்னும் 'எல்.எல்.என்.' என்றே சொல்கிறார்கள். அதன் கம்பம் உங்கள் நிலத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இடையில் வேறொருவர் நிலமோ தோட்டத்து நிலமோ இருக்கிறதா? ஒயர் பிறர் நிலத்தைத் தாண்டி வரவேண்டுமானால் 'இசின் லாலு' என்ற வழி அனுமதி வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால் மானேஜர் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பார், மாதங்கள் ஓடும். அஸ்திவாரம் தோண்டும் வாரத்திலேயே அந்தக் கடிதம் போயிருந்தால், கூரை ஏறும்போது பதில் வந்திருக்கும்.

மனுவை நீங்கள் நேரே போடுவதில்லை. எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிவு பெற்ற மின் குத்தகையாளர் உங்கள் சார்பில் போடுவார். வயரிங் முடிந்ததும் இரண்டு பாரங்கள் வேண்டும்: மேற்பார்வையிட்டு முடித்ததற்கு 'போராங் ஜி', சோதித்ததற்கு 'போராங் எச்'. முன்னே சொன்ன ஜி1, ஜி21 பாரங்கள் வேறு. எழுத்து ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம். இந்த இரண்டின் நகல் உங்களிடம் இருக்கட்டும். கணக்கு உங்கள் பெயரிலேயே திறக்க வேண்டும். சுமார் இரண்டு மாத பில் அளவுக்கு முன்வைப்புத் தொகை கேட்பார்கள். கணக்கை மூடும்போது, பாக்கி ஏதுமிருந்தால் கழித்துக்கொண்டு, திரும்பக் கிடைக்கும். குத்தகையாளர் பெயரில் எடுத்த தற்காலிக மின்சாரத்தையே வீட்டுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டு ஒயரும் வேண்டாம். சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

வீட்டுக்குள் எங்கே பிளக் வேண்டும் என்பதைப் பிளாஸ்டருக்கு முன் வீட்டுக்காரி சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறிக்கட்டும். ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், மாவரைக்கும் எந்திரம், சாமி மேடை விளக்கு, வாசல் விளக்கு. பிறகு உடைத்துப் போட்டால் இரட்டைச் செலவு. டி.பி. பெட்டியில் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்க வேண்டும். குளியலறையில் சுடுநீர்ப் பெட்டி வைப்பவர்கள் அதற்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் போடச் சொல்லுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள்.

தண்ணீரும் கழிவும்

தண்ணீர் மாநிலத்துக்கு மாநிலம் வேறு கை. சிலாங்கூரில் ஆயர் சிலாங்கூர், பேராவில் மாநில நீர் வாரியம், ஜொகூரில் ரன்ஹில் எஸ்.ஏ.ஜே., நெகிரி செம்பிலானில் சாய்ன்ஸ், கெடாவில் சாடா. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். குழாய் வேலை செய்பவர் அந்த ஆணையத்தின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். பெரிய குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால், ரோட்டைத் தோண்ட ஜே.கே.ஆர். அல்லது மன்றத்தின் அனுமதி, அதற்கு முன்பணம் என்று செலவு கூடும். இதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு, யார் கட்டுவது என்று எழுதுங்கள்.

சுவரை மூடுமுன் குழாயில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டுக் காலையில் பாருங்கள். ஈரம் இருந்தால் பிளாஸ்டர் வேண்டாம், பணமும் வேண்டாம். மேலே தொட்டி வைக்கும் இடத்தில் பீம் தாங்குமா என்பதைப் பிளேன் போட்டவரிடம் கேளுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் என்பது 1,000 கிலோ பாரம்.

கழிவுக் குழாய் இணைப்பு இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க்தான். அதைச் சமையலறைக்கு அடியில் மூடி மறைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இண்டா வாட்டர் லாரி வந்து அதைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா? குழாய் எட்டும் இடத்தில், மூடி திறக்கும்படி இருக்கட்டும். கிணறு இருந்தால் அதற்கு வெகுதூரத்தில் இருக்கட்டும்.

மீட்டர், முன்வைப்புத் தொகை, ரோடு தோண்டுதல், பிளேன் போட்டவரின் கடைசிக் கட்டணம் எல்லாம் வீட்டு வேலையின் வால் பக்கத்தில் வருகிறவை. அப்போது கை காலியாக இருக்கும். ஆகவே முதல் நாளே ஒரு தொகையை எடுத்து வேறொரு வங்கிக் கணக்கில் போட்டு, "இது வெளிச்சத்துக்கும் தண்ணீருக்கும்" என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். கிரகப் பிரவேச விருந்துக்குக்கூட அதைத் தொடக்கூடாது.

தகராறு வந்தால்

எல்லாம் செய்தும் ஆள் வராமல் போகலாம். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: என்ன வேலை பாக்கி, எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்று. வீடு வாங்குபவர் நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அது மேம்பாட்டாளரிடம் வாங்கிய வீடுகளுக்கு, உங்களுக்கல்ல. கட்டுமானப் பணத் தகராறுகளை விரைவாகத் தீர்க்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும், தனிமனிதர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டை விலக்கி வைத்திருக்கிறது. உங்களுக்கு அருகிலிருக்கும் கதவு மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 2019 முதல் அங்கே 50,000 வெள்ளி வரை வழக்கிடலாம். சம்பவம் நடந்த மூன்றாண்டுகளுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேசலாம். தீர்ப்புக்கு 14 நாளில் கட்டுப்படாவிட்டால் அது குற்றமாகும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது ஒப்பந்தமும், வங்கி ரசீதும், அந்த நோட்டுப் புத்தகமும், படங்களும்தான். குத்தகையாளரைப் பற்றிச் சி.ஐ.டி.பி.யிடமும் புகார் எழுதலாம்.

புதிய ஆளை வைத்து மீதி வேலையைத் தொடங்குமுன், பழைய ஆள் விட்ட நிலையை மூலை முடுக்கெல்லாம் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எது யார் செய்தது என்று பிரிக்க முடியாது.

நல்லபடியாக முடிந்த வீட்டுக்கு வருவோம். குடிபுகுந்த அன்றே இரண்டு மீட்டர்களின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நில அலுவலகத்துக்கு நிலவரி, மன்றத்துக்கு வீட்டு மதிப்பீட்டு வரி இரண்டும் இனி உங்கள் பெயரில் வரும். வராவிட்டால் போய்க் கேளுங்கள். கிராண்டு, பிளேன், சி.சி.சி., போராங் ஜி, போராங் எச், முன்வைப்பு ரசீதுகள் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருக்கட்டும்.

அந்த ஆறு மாதத்தில் ஒரு மழைக்காலமாவது வரும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. மழை பெய்யும் இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பாருங்கள். கூரை சேருமிடத்தில் ஒழுகுகிறதா, ஜன்னல் ஓரம் ஊறுகிறதா, கழிவறைத் தண்ணீர் தேங்குகிறதா, எந்தக் கதவு உப்பிச் சாத்த மறுக்கிறது? எழுதி வைத்து, ஆறாம் மாதம் குத்தகையாளரைக் கூப்பிடுங்கள். அவர் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்ததும் அந்தக் கடைசி 6,000 வெள்ளியைக் கொடுத்து, ரசீது வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.